டபுள் டச்சுக்காக நான் போட்ட சண்டைகள்

ஆங்கிலம் கற்பிக்கிறவருக்குச் சொல்லின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்காகச் சண்டை போடவும் தெரிய வேண்டும்; தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் காலம் தள்ளும் டீச்சர்மாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சரியான விடை

தவணைப் பரீட்சையில் 'டபுள் டச்' என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஹல்துமுல்லையில் என்னிடம் படிக்கும் கலைவாணி, 'விளங்காத பேச்சு' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். வேறு பள்ளியில் திருத்தியவர்கள் பிழை போட்டுவிட்டார்கள். விடைக் குறிப்பில் 'இரண்டு ஒல்லாந்தர்', அதாவது இரண்டு டச்சுக்காரர் என்று இருந்ததாம்.

தாளைத் தூக்கிக்கொண்டு கல்வி அதிகாரியிடம் போனேன். ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஒரு காலத்தில் கடலில் அடித்துக்கொண்டவர்கள், அந்தப் பகையில் எதிரியின் மொழியே கேலிச்சொல் ஆகிவிட்டது, 'டபுள்' என்பது கேலியை அழுத்திச் சொல்லச் சேர்ந்தது என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா விடை அது இல்லையே."

இரண்டு கயிறு

கோபம் தீராமல், மறுநாள் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு கயிறுகளை எதிரெதிராகச் சுழற்றி நடுவில் ஒருத்தி குதிக்கும் விளையாட்டுக்கும் அதே பெயர்தான். அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தரின் பிள்ளைகள் ஆடியதால் வந்த பெயர் என்பார்கள். உறுதியான சான்று இல்லை என்பதையும் சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து குதித்தார்கள். பள்ளி அதிபர் வந்து நின்றார்.

"டீச்சர், சிலபஸ்ல கயிறு இல்லையே."

அவர்கள் விட்டுப்போன சொல்

கலைவாணியின் அம்மா ராணி கொழுந்து பறிப்பவர். யாரோ ஒல்லாந்தருக்காக நான் ஏன் இப்படி அலைகிறேன் என்று கேட்டார். நாம் ஆபீசுக்குச் சொல்லும் 'கந்தோர்', கழிப்பறைக்குச் சொல்லும் 'கக்கூஸ்' எல்லாம் ஒரு காலத்தில் இங்கே ஆண்ட அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான் என்றேன். ராணி சிரிக்கவில்லை.

"பேர மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாங்க டீச்சர். எங்க லயத்துல வரிசையா இருக்கிற பத்து வீட்டுக்கு இன்னும் ஒரு கக்கூஸ்தான்."

கையெழுத்து

அடுத்த மாதம் ராணியின் வலது ஆட்காட்டி விரல் சீழ் பிடித்து வீங்கியது. பதுளையில் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். ஒரு படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முழுக்கச் சிங்களம். புண்ணைக் கழுவிக் கட்டத்தான் என்று நினைத்து ராணி பேனாவை எடுத்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்னால்தான் போடுவோம் என்று நான் மறித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் தமிழ் தெரிந்த ஓர் ஊழியர் வந்து வாசித்தார். விரல் நுனியை வெட்டி எடுக்கச் சம்மதம் என்றிருந்தது.

ராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொழுந்து கிள்ளும் விரல் அது. டொக்டரை வரவழைத்தோம். சீழ் எலும்புவரை போய்விட்டது, விட்டால் கையே போகும் என்று அவர் அந்த ஊழியரைக்கொண்டு விளக்கினார். ராணி தானாகவே படிவத்தைக் கேட்டு வாங்கினார்.

"வெட்டட்டும் டீச்சர். எதை வெட்டுறாங்கன்னு தெரிஞ்சுதானே இப்ப போடுறேன்."

இத்தனை வருடம் மொழி கற்பித்து நான் கண்டது, 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லத்தான் இந்த நாட்டில் எல்லா மொழியிலும் அதிகத் துணிச்சல் வேண்டியிருக்கிறது என்பதுதான்.