ஐயாவைத் தூக்கிய கதிரை

என் குசினியில் ஒரு கைபிடிக் கதிரை கிடக்கிறது. வேப்பமரத்தில் செய்தது. கால்களின் அடிப்பாகம் மட்டும் கறுத்து, உப்பில் ஊறி, வேறு மரம்போல் இருக்கும். அதில் இருந்துதான் நான் மீன் வெட்டுவேன், வெங்காயம் உரிப்பேன். போன கிழமை இரண்டு பேர் வந்து அந்தக் கதிரையைத் தரச் சொல்லிக் கேட்டார்கள். எங்கள் தீவின் இறங்குதுறைக்குப் பழைய எம்.பி. ஐயாவின் பெயரை வைக்கப் போகிறார்களாம். துறையின் தொடக்கத்தில் ஒரு மண்டபம் கட்டி, ஐயாவைச் சனங்கள் கதிரையோடு தூக்கி வரும் பழைய படத்தைப் பெரிதாக்கி மாட்டுவார்களாம். படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தக் கதிரை. "மக்கள் தோளில் சுமந்த தலைவன்" என்று எழுதுவதாகவும் முடிவாகிவிட்டதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவர்களோடு பேசினேன்.

அந்தக் கதிரையைச் செய்வித்தவர் என் பெரியப்பா. கடலில் தொழில் செய்தவர். எங்கள் கரையில் ஐயாவின் கட்சிக்கு அவர்தான் எல்லாம். ஐயா பெரிய அப்புக்காத்து, கோட்டில் வழக்குப் பேசுகிறவர். யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு, கொழும்பில் ஒரு வீடு. பாராளுமன்றத்தில் அவர் ஆங்கிலத்தில் பேசினால் எதிர்க்கட்சிக்காரரும் எழும்பிப் போகாமல் கேட்பார்கள் என்று பெரியப்பா சொல்லுவார், தானே பக்கத்திலிருந்து கேட்டவர்போல. எங்கள் கரையோ ஆழமில்லாத பரவைக் கடல். வற்று நேரத்தில் படகு கிட்ட வராது, தூரத்திலேயே தட்டி நின்றுவிடும். அங்கிருந்து முழங்காலளவு தண்ணீரிலும் சேற்றிலும் நடந்துதான் கரையேற வேண்டும். ஐயாவின் வேட்டி நனையலாமா? அதற்காகத்தான் கதிரை. படகை ஊன்றித் தள்ளும் மரக்கோல்கள் இரண்டை அதன் அடியில் கட்டி, நாலு பேர் தோளில் வைத்து ஐயாவைக் கரைக்குக் கொண்டு வருவார்கள். முன்னால் வலப்பக்கம் எப்போதும் பெரியப்பாதான். கரையில் ஐயா எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டார். மூடி திறக்காத சோடாப் போத்தல்தான் கொடுக்க வேண்டும். அது ஏன் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் தோள் அவருக்குத் தீட்டில்லை, செம்புத் தண்ணீர்தான் தீட்டு.

ஒரு தேர்தலுக்கு அப்படி வந்தபோது, கதிரையில் இருந்தபடியே ஐயா கடலைச் சுற்றிக் கையைக் காட்டி ஒரு வாக்குக் கொடுத்தார். நான் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெட்டை, கரையில் சனத்தோடு நின்றனான். இந்த இடத்தில் துறை கட்டித் தருவேன் என்றார். பெரியப்பாவைக் குனிந்து பார்த்து, "அடுத்தமுறை என்னைத் தூக்கிற வேலை உமக்கு இராது. நான் நடந்து வருவன்" என்றார். பெரியப்பா அதை மாதக்கணக்காகச் சொல்லித் திரிந்தார். கோயிலடியில், கள்ளுத் தவறணையில், வலை காயப்போடும் இடத்தில், எங்கே நாலு பேர் நின்றாலும் அதே கதைதான். பெரியம்மா மட்டும் சிரிப்பா. "உங்கடை ஐயா நடக்கிற அண்டைக்கு எனக்கும் சொல்லுங்கோ, வந்து பாக்கிறன்" என்பா.

அதற்குப் பிறகுதான் பெரியம்மா பிள்ளைத்தாச்சியானா, பிந்திக் கிடைத்த பிள்ளை. பிரசவ நோ கண்ட அன்று, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஏலாது, உடனே ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டா. நடுப்பகல். கடல் வற்றிக் கிடந்தது. படகு எட்டத்தில். வேறு வழியில்லாமல் பெரியப்பா அந்தக் கதிரையைத்தான் எடுத்தார். ஐயாவைத் தூக்கிய அதே நாலு பேர், அதே மரக்கோல்கள். சேற்றில் கால் புதையப் புதைய, கதிரை அங்குமிங்கும் ஆட, பெரியம்மா கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தொடக்கத்தில் அழுது சத்தம் போட்டவ, பாதி வழியில் சத்தத்தை நிறுத்திவிட்டா. படகில் ஏற்றிக் கொஞ்சத் தூரம் போவதற்குள் தாயும் பிள்ளையும் முடிந்துவிட்டார்கள். கரையிலிருந்து படகுவரை ஒரு துறை இருந்திருந்தால் அந்த நேரத்துக்குள் அவ ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்திருப்பா. இதைச் சொல்ல ஒருவரும் அப்புக்காத்துக்குப் படித்திருக்கத் தேவையில்லை.

ஐயா செத்த வீட்டுக்கு வரவில்லை. ஆளனுப்பி ஒரு மலர்வளையம் வைத்தார். அடுத்த தேர்தலுக்குத்தான் வந்தார். துறையும் இல்லை, ஒரு கல்லும் இல்லை. அன்றைக்கும் வற்று. பெரியப்பா கதிரையையும் மரக்கோல்களையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டா. இந்த மனிசனுக்கு வெட்கம் ரோசம் கிடையாதோ என்று எனக்கும் வந்தது. ஐயா ஏறி இருந்தார், கூட வந்தவர் படம் எடுத்தார். இப்போது பெரிதாக்கப் போவது அந்தப் படத்தைத்தான். அதில் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மண்டபத்தில் மாட்ட நினைக்கமாட்டார்கள்.

பாதி வழியில் பெரியப்பா நின்றார். மற்ற மூவரும் நின்றார்கள். கதிரையை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தார்கள். ஐயாவின் சப்பாத்தும் வேட்டிக்கரையும் கடலுக்குள் போயின. கால் வழுக்கிவிட்டது என்றுதான் கரையில் நின்ற நாங்கள் முதலில் நினைத்தோம்.

பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. கடல் அசையாமல் கிடந்ததால் கரைக்குக் கேட்டது.

"இந்த இடத்தோடைதான் ஐயா அவ சத்தத்தை நிப்பாட்டினவ. இதே கதிரையிலைதான் தூக்கினனாங்கள். நடந்து வருவன் எண்டு சொன்னனீங்கள். நடந்து வாங்கோ."

ஐயா நடந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒரு சப்பாத்தை விட்டுவிட்டு, நடந்தார். கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கை கொடுக்கவுமில்லை. பெரியப்பா மரக்கோல்களைச் சேற்றில் ஊன்றிக் கதிரையை அதோடு கட்டிவிட்டு வந்தார். தேர்தல் முடியும்வரை அதில் கை வைக்க ஒருவரையும் விடவில்லை. நீர்க்காகம் வந்து குந்தியிருக்கும். அந்த வழியால் போன படகுக்காரர் எல்லோரும் பார்த்தார்கள். என்ன பார்த்து என்ன, ஐயா அந்தமுறையும் வென்றார். எங்கள் கரையில்கூட அவருக்குத்தான் கூடுதலான வாக்கு. எங்கள் சனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றி எரியும்.

பிறகு ஐயா தொகுதியைச் சீதனம் கொடுப்பதுபோல மருமகனுக்குக் கொடுத்தார். மருமகன் வேறு கட்சிக்குப் போனார். இப்போது பேரன், அதுவும் வேறொரு கட்சி. கட்சி மாறியது, கொடி மாறியது, சுவரொட்டி மூலையில் ஐயாவின் படம் மட்டும் மாறவில்லை. சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் சட்டி பானை தூக்க, பெரியப்பா இந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். துறை வந்தது சண்டைக்குப் பிறகு. அதில் அந்தக் குடும்பத்தின் ஒரு சல்லிக்கல்லும் இல்லை. அதைக் காணப் பெரியப்பா உயிரோடு இருக்கவில்லை.

வந்தவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், ஊரில் எல்லோருக்கும் ரீச்சர். பிந்திய கதை தேவையில்லை ரீச்சர், கதிரை இருந்தால் போதும் என்றார்கள். அடுத்த நாள் பேரனே தொலைபேசியில் வந்தார். மரியாதையான பிள்ளைதான். அம்மப்பா தன்னிடம் சனம் தூக்கிய கதையை மட்டுமே சொன்னவர், மற்றதைச் சொல்லவேயில்லை என்றார்.

"தூக்கினதும் உண்மை தம்பி, இறக்கினதும் உண்மை," என்றேன். "துறைக்குப் பேர் வைக்கிறதெண்டால் என்ரை பெரியம்மான்ரை பேரை வையுங்கோ. கதிரையை நானே தூக்கிக்கொண்டு வாறன்."

"அவ ஆரெண்டு சனத்துக்குத் தெரியாதே ரீச்சர்" என்றார்.

"அதுக்குத்தான் கேக்கிறன்," என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தவர் பிறகு எடுக்கவில்லை.

நேற்றுக் கடல் வற்றிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, நிறைமாதம், கிளினிக்குக்குப் போக அந்தத் துறையால் நடந்து போய்ப் படகில் ஏறினாள். தாய்க்காரி குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனா. பிள்ளையின் செருப்புக்கூட நனையவில்லை. குசினி யன்னலால் படகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தக் கதிரையில்தான் இருந்து. பெரியம்மா இறுக்கிப் பிடித்த கைபிடி இது. ஐயாவின் படத்துக்குக் கீழே போக இதை நான் விடமாட்டேன்.