வெறும் பாட்டில்

எங்கள் சந்தில் கிறிஸ்துமஸ் ஒயினைப் பற்றி யாரும் வாய் திறந்து உண்மை சொல்ல மாட்டார்கள். ராயபுரத்தில், மாதா கோயில் மணி அடித்தால் சமையற்கட்டுப் பாத்திரம் வரைக்கும் அதிர்கிற சந்து அது. மழைக்காலம் தொடங்கும்போதே வீட்டுக்கு வீடு ஜாடியில் கருந்திராட்சையும் சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு ஊறவைத்துவிடுவோம். பண்டிகை வந்ததும் பாட்டில்கள் வீடு மாறும். பக்கத்து வீட்டு ஒயின் காடியாகப் புளித்துக் கிடந்தாலும் "ஜோரா கீதுக்கா" என்றுதான் சொல்ல வேண்டும். பண்டிகை நாளில் ஒரு வீட்டு ஜாடியைக் குறை சொல்வது அந்த வீட்டுப் பெண்களின் வளர்ப்பைக் குறை சொல்வது மாதிரி.

ஆனால் தீர்ப்பு உண்டு. அதைப் பாட்டில் சொல்லும். ஒயின் பிடித்திருந்தால் பாட்டில் அன்று மாலையே கழுவித் துடைத்து, அந்த வீட்டு ஒயின் நிரப்பித் திரும்பி வரும். சுமார் என்றால் புது வருஷத்துக்கு, உள்ளே கொஞ்சம் சர்க்கரை போட்டு வரும். மோசம் என்றால் பொங்கல் வரைக்கும் வராது. கேட்டால் "கை தவறி வுழுந்து ஒடஞ்சிச்சுக்கா" என்பார்கள். எவ்வளவு கோபம் இருந்தாலும் வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் மட்டும் கிடையாது. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகக் கொடுத்தால், இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

இந்தச் சந்தில் என் நாக்குக்கு மட்டும் கெட்ட பெயர் உண்டு. ருசி பார்ப்பதிலும் சரி, பேசுவதிலும் சரி. பூசை முடிந்து வரும் வழியில் யாராவது ஒரு சின்ன பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, "நீ கண்டி நெசத்த சொல்லுக்கா" என்று கேட்பார்கள். சொல்வேன். பிறகு ஈஸ்டர் வரைக்கும் என்னோடு பேச மாட்டார்கள்.

அப்படிப்பட்ட நாக்கை நம்பித்தான் என் தம்பி பெங்களூரிலிருந்து ஒரு பை நிறைய பாட்டிலோடு வந்து இறங்கினான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை, மறுநாள்தான் வந்தான். முன்பு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, தண்ணீர் சோதிக்கிற இடத்தில் இருந்தான். அதை விட்டுவிட்டு, பீரைத் தாங்களே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற ஒரு கடையில் சேர்ந்தான். சேர்ந்ததிலிருந்து அடுத்தவர் சொன்ன பீரைக் காய்ச்சினான், அடுத்தவர் தொட்டியைக் கழுவினான். இந்த வருஷம்தான் முதலாளி ஒரு தொட்டியை அவன் கையில் கொடுத்து, உன் இஷ்டப்படி ஒன்று போடு என்றிருக்கிறார்.

அவன் போட்டது கறுப்பு பீர். பார்லியைக் கறுக வறுத்து, ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறான். கசப்பும் வாசனையும் அந்தப் பூவிலிருந்துதான் வருமாம். முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு, ஹாப்ஸைப் பாதியாகக் குறை, இல்லையென்றால் இதோடு நிறுத்திவிடு, புது வருஷத்துக்குள் முடிவைச் சொல் என்று சொல்லிவிட்டார்.

"கொறச்சா அது என் பீரே இல்லக்கா. அதுக்கு நான் அத்திப்பட்டுலயே இருந்திருப்பேன்," என்றான். "கொறைக்கணுமா வோணாமா, நீ சொல்லு."

பாட்டில்களை மாநில எல்லை தாண்டி எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். "அத்த மட்டும் கேக்காதக்கா" என்றான். நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். மச்சான் பீர் கொண்டுவந்திருக்கிறான் என்றதும், நாங்கள் பேசி முடிப்பதற்குள் இரண்டு பாட்டிலை எடுத்துப்போய் மீன் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டுப் புதைத்துவிட்டார். தம்பி பதறினான். "மாமா, இதுக்கு அவ்ளோ கூலிங் ஆகாது மாமா." அவர் காதில் வாங்கவில்லை. எங்கள் ஊரில் பீருக்கு ஒரே ஒரு குணம்தான், கூலிங். கடையில் போய் என்ன பீர் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கூலிங் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

வெளியே எடுத்தபோது பாட்டிலைப் பிடித்த கை மரத்துப் போனது. ஒரு வாய் குடித்தேன். பல் கூசியது. நாக்குக்கு எதுவும் தெரியவில்லை, கடைசியில் ஒரு கசப்பு மட்டும் வந்து நின்றது.

"இன்னா மச்சான்," என்றார் வீட்டுக்காரர், "அத்திப்பட்டு நெலக்கரிய கரைச்சி எடுத்தாந்துட்டியா?"

தம்பி முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிகிற? ஐஸ்ல பொதைக்க இது இன்னா வஞ்சிரமா? நாக்கு செத்துப் போச்சு எனக்கு. இதுல நான் இன்னாத்த ருசி பாக்கறது?" என்று கத்திவிட்டு, ஐஸ் படாத ஒரு பாட்டிலை எடுத்து மாடிப்படி நிழலில் ஈரத்துணி சுற்றி வைத்தேன். மதியச் சாப்பாடு முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து, வாய் கொப்பளித்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் முழுக் கறுப்பில்லை, ஓரத்தில் பனைவெல்லப் பாகின் சிவப்பு. நுரை காபி நிறத்தில் நின்றது, உடனே அடங்கவில்லை. முதலில் மூக்கை வைத்தேன். சாத்துக்குடித் தோலைக் கிள்ளினால் முகத்தில் தெறிக்குமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் நார்த்தை இலை. இவ்வளவு கறுப்பான ஒன்றிலிருந்து இவ்வளவு பச்சையான வாசனை வருகிறதே என்று சிரிப்பு வந்தது.

பிறகு குடித்தேன். பிளம் கேக்குக்குச் சர்க்கரை கருக்குகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். சர்க்கரை உருகி, சிவந்து, கறுத்து வரும். ஒரு மூச்சு முன்னால் இறக்கினால் கேக்குக்கு நிறம் இல்லை, ஒரு மூச்சு பின்னால் இறக்கினால் கேக்கே கசப்பு. இந்தப் பீரைச் சரியாக அந்த இடத்தில் இறக்கியிருந்தான் தம்பி. காபி வந்தது, கருகின சர்க்கரை வந்தது, அதை மேலே ஏறவிடாமல் ஹாப்ஸின் கசப்பு வந்து பிடித்துக்கொண்டது. விழுங்கின பிறகும் கொஞ்ச நேரம் தொண்டையில் நின்றது. அது மட்டும் ஒரு பிடி கூடுதலோ என்று தோன்றியது. இன்னொரு வாய் குடித்ததும், இல்லை, அது இருந்தால்தான் அடுத்த வாய் வேண்டும் என்று தோன்றுகிறது என்று புரிந்தது.

"கொறைக்காத," என்றேன். "மெய்யாலுமே சொல்றேன். கசப்ப எடுத்தா மிச்சம் வெறும் ஆறிப்போன காபி."

அவன் சந்தோஷப்படவில்லை. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நீ அக்கா, அப்டித்தான் சொல்லுவே," என்றான்.

யாரிடமும் தயவு காட்டாத என் நாக்கை, கடைசியில் என் தம்பியே நம்பவில்லை. எனக்கு வலித்தது. வலித்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"சரி, என்ன நம்ப வோணாம். பாட்டில நம்புவ இல்ல?" என்றேன். நாலு வீட்டுக்கும் ஒவ்வொரு பாட்டில் அனுப்பினோம். ஒயின் மாதிரியே, மேலே வெள்ளைத்துணி போட்டு, பக்கத்தில் ஒரு தட்டு கல்கல் பலகாரம். நல்ல வேளையாக அவன் கொண்டுவந்தது கம்பி வைத்து மூடுகிற பாட்டில், திரும்பத் திரும்பப் பயன்படும். நாலாவது வீடு எதிர்வீடு. அங்கே வேண்டாம் என்று நான் சொன்னேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவள் அந்த வீட்டுக்காரி. என் ஒயின் பாட்டில் வருஷா வருஷம் பொங்கல் வரைக்கும் அவள் வீட்டில்தான் கிடக்கும். பதிலுக்கு அவள் பாட்டிலை நானும் பொங்கல் வரைக்கும் வைத்திருப்பேன். தம்பிதான் பிடிவாதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். மற்ற மூன்று வீட்டிலும் "சூப்பர் நைனா" என்றார்கள். அவள் வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

அன்று மாலை ஒரு பாட்டிலும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தம்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சந்தில் யார் கையில் எதைக் கொண்டுபோனாலும் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "எனக்கு புடிச்சிருந்துச்சு மச்சான், அந்த ரெண்டாவது தபா ஐஸ் இல்லாம குட்சது," என்றார். அவன் சிரித்து வைத்தான்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் பாட்டில் பிரிட்ஜ் கதவில் இருந்தது, முக்கால்வாசி நிறைந்து. ஒயின் குடிக்கிற குட்டிக் கிளாஸில் ஆளுக்கு அரை கிளாஸ் ஊற்றிக் கேக்கோடு குடித்துவிட்டு, மிச்சத்தைப் புது வருஷ ராத்திரிக்கு மூடி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே கதை. மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வருவானாம், அவனுக்கு எடுத்து வைத்திருக்கிறார்களாம். மூன்றாவது வீட்டில், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொண்டிருந்தார். "ஒயின் நல்லா கீதும்மா, இனிப்புதான் கம்மி," என்றார். திறந்து வைத்த பீரில் நுரை போய்விட்டால் அது பழங்கஞ்சி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் சந்தில் கறுப்பாக, பாட்டிலில், கிறிஸ்துமஸுக்கு வந்தால் அது ஒயின். ஒயின் என்றால் சிக்கனமாகக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. திரும்பிவந்து சொன்னேன். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் சிரித்தான், ஆனால் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"வுடுக்கா. சக்கர போட்டுத்தான் குடிக்க முடியுதுன்னா மொதலாளி சொன்னதுதான் கரெக்டு," என்றான். "இன்னிக்கே சொல்லிடறேன், கொறச்சிடலாம்னு."

போனைக் கையில் எடுத்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவனுக்குத்தான் நான் அக்காவாகப் போய்விட்டேனே.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரி சந்தைக் கடந்து வந்தாள். ஏலம் முடிந்து நேராக வந்திருந்தாள் போல, புடவையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கையில் தம்பியின் பாட்டில். வெள்ளைத்துணி இல்லை, உள்ளே ஒயின் இல்லை, சர்க்கரை இல்லை. சுத்தமாகக் கழுவின, வெறும் பாட்டில்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இத்தனை வருஷச் சண்டையில் இந்த அளவுக்கு அவளும் போனதில்லை, நானும் போனதில்லை. அதுவும் ஊரிலிருந்து வந்த பிள்ளை முன்னால். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னாடி, வெறும் பாட்டில தூக்கினு வர்றியா?" என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பிக்கு எதிரே போய் நின்றாள்.

"வேணும்னுதான் ஒண்ணும் போடல கண்ணு," என்றாள். "என் ஒயின இதுல ஊத்தினா இந்த வாசன பூடும். இதுலயே மறுக்கா கொஞ்சம் ஊத்திக் குடு. கசப்புதான். ஆனா சுண்டக்கா வத்தல் கணக்கா, சும்மா இருக்கும்போதுல்லாம் நெனப்பு வருது. நேத்து ஒரே மூச்சுல குட்சிட்டேன், பொறவு தூக்கமே இல்ல, இன்னும் கேக்கலாமா வோணாமான்னு."

சந்து உண்டான காலத்திலிருந்து யாரும் ஒரு ஜாடியைப் பற்றி வாசலில் நின்று இப்படி உண்மை பேசிக் கேட்டதில்லை. தம்பி உள்ளே ஓடி, தனக்கென்று அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்த கடைசி பாட்டிலை எடுத்து வந்து அவள் பாட்டிலில் சாய்த்தான். அவசரமாக ஊற்றியதில் நுரை பொங்கி வழிந்தது. அவள் வழிந்ததை விரலால் துடைத்து வாயில் வைத்துக்கொண்டு, "வேஸ்ட் பண்ணாத நைனா," என்று அதட்டினாள்.

அவள் கதவைச் சாத்துகிற வரைக்கும் காத்திருந்து தம்பி போனைப் போட்டான்.

"சார், ஹாப்ஸ கொறைக்க மாட்டேன் சார்," என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "யார் சொன்னாங்களா? எதிர்வீட்ல சொன்னாங்க சார்."

அவள் வெறும் பாட்டிலோடு வந்து மறுபடி கேட்ட கதையை முழுசாகச் சொன்னான். பிறகு போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "இதே மாதிரி இன்னொரு தொட்டி போட சொல்லிட்டாருக்கா." எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஐஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

என் ஒயின் பாட்டில் அப்போதும் எதிர்வீட்டில்தான் இருந்தது. பொங்கலுக்கு வந்தது, சர்க்கரை போட்டு.