ஐ.எல்-38இன் முதுகில் பெட்டி இருந்ததா? சேக்காடு வரை ஒரு விசாரணை

நூம்பலிலிருந்து சேக்காடு போய்வந்ததைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். மொத்தமே பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் இந்த வலைப்பதிவில் இதுவரை எழுதிய எந்த ஊருக்கும் நான் இவ்வளவு கோபத்தோடு கிளம்பியதில்லை. போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு விமானத்தின் முதுகில் பெட்டி இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன்.

புதிதாக வருபவர்களுக்காக: பகலில் நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாலையில் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுவேன், அதில் பறக்க விமான மாடல்கள் செய்து இலவசமாகப் பகிர்வேன். கடைசியாகச் செய்தது நம் கடற்படையிடம் இருந்த ஐ.எல்-38. கடலுக்கு மேலே மணிக்கணக்கில் சுற்றி நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்து விமானம். அதில் இரண்டு வகை உண்டு. பழையதன் முதுகு மொழுமொழுவென்று இருக்கும். பின்னாளில் மேம்படுத்தியதில், விமானி அறையை ஒட்டி, முதுகின் மேல் ஒரு பெட்டி நிற்கும், காரின் மேல் கட்டிய சூட்கேஸ் மாதிரி. நான் பெட்டியையும் வைத்து, பழைய வண்ணத்தையும் பூசியிருந்தேன். வீட்டுக்கு மாடி எடுத்த அன்றைக்கேவா வெள்ளையடிக்கிறோம்? கொஞ்ச நாள் பழைய வண்ணத்தோடே பறந்திருக்கும் என்பது என் கட்சி.

செந்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அம்பத்தூர்க்காரர். நான்கு வருடமாக வாராவாரம் ஒன்றாகப் பறக்கிறோம், ஹெட்போனில் குரல் மட்டும்தான் பழக்கம். சிமுலேட்டரில் போர்ட் பிளேர் வரை சேர்ந்து போயிருக்கிறோம், பூந்தமல்லியில் ஒரு காபிக்குக்கூடச் சந்தித்ததில்லை. "பழைய பெயின்ட்ல பெட்டி இருந்ததுக்கு ஒரே ஒரு போட்டோ காட்டுங்க வாணி" என்றார். என்னிடம் இல்லை. இல்லாமல் இருந்ததற்கு அவரிடமும் ஆதாரமில்லை. நாங்கள் பறக்கும் சிமுலேட்டர் குழுவே பெட்டிக் கட்சி, மொட்டைக் கட்சி என்று பிளந்தது. செந்தில் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவர் இல்லாமல் பறந்த முதல் சனிக்கிழமை, கோவாவில் இறங்கும்போது உயரம் சொல்ல ஆளில்லாமல் ஓடுபாதையைத் தாண்டிப் புல்லில் போய் நின்றேன். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் பெட்டியை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "அந்த பிளேன்லயே வேலை பார்த்தவரு ஒருத்தர் இப்ப எங்க கம்பெனில கீறாரு. சேக்காட்டுல ஊடு. ஞாயித்துக்கிழமை போலாமா? தோத்தவங்க குழுவுல மன்னிப்பு எழுதணும்."

காலை 9.15க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். பூந்தமல்லி வரை ஷேர் ஆட்டோ, 30 ரூபாய். பேருந்து நிலையத்தில் ஆவடி வழியாகச் செங்குன்றம் போகும் சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆகவே உண்மையைத் தேடும் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்றுக்கொண்டது. மடியில் மஞ்சள் பை, அதற்குள் ஜாய்ஸ்டிக். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா பையை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, மிக்ஸி ஜாரா?"

"இல்லம்மா, பிளேன் ஓட்டுறது."

"ஓட்டிக்கினு போக வேண்டியதுதான, பஸ்ல இன்னாத்துக்கு வர்ற?"

பருத்திப்பட்டு வரை பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டே வந்தேன்.

10.20க்கு சேக்காட்டில் இறங்கினேன். செந்திலின் கம்பீரமான குரலுக்கு ஏற்ற ஆளை எதிர்பார்த்து நின்றால், தோளில் லேப்டாப் பை தொங்க ஒல்லியாக ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். "வாணிங்களா?" என்றார். குரல் மட்டும் அதேதான். இருவரும் வணக்கம் சொன்னோம். சண்டைக்காரர்களை நேரில் பார்ப்பது சங்கடம், முகம் இருக்கிறது அவர்களுக்கு.

ஜெயராமன் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடற்படையில் பன்னிரண்டு வருடம் அந்த விமானத்தில் கருவி இயக்கியவர், இப்போது செந்திலின் கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மனைவி அமுதா அக்கா காபி கொடுத்து முடிப்பதற்குள் செந்தில் கேட்டுவிட்டார்.

"அண்ணே, மேல அந்தப் பெட்டி இருந்துச்சா, இல்லியா?"

"எந்தப் பெட்டி?"

முதுகு, சூட்கேஸ், பழைய வண்ணம் எல்லாவற்றையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

"நைனா, நான் உள்ள உக்காந்துகினு இருந்தவன். ஜன்னல்கூட கிடையாது. மேல இன்னா வச்சிக்கினு பறந்தோம்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"ஏறும்போது பார்த்திருப்பீங்களேண்ணா" என்றேன்.

"ஏறும்போது படியத்தாம்மா பாப்பாங்க. பஸ்ல வந்தியே, கூரை இன்னா கலரு?"



அப்போது அமுதா அக்கா, "நேவில குடும்பத்தையெல்லாம் கூப்ட்டாங்களே, அன்னிக்கு எடுத்த போட்டோ கீதே!" என்று பீரோவைத் திறந்தார். நானும் செந்திலும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். படத்தில் பழைய வண்ணம் பளிச்சென்று தெரிந்தது. விமானத்தின் மூக்கு, விமானி அறைக் கண்ணாடி, எல்லாம் தெளிவு. முன்னால் அக்காவின் அண்ணன், அவர் தோளில் அவருடைய பெண், அந்தப் பெண்ணின் கையில் தூக்கிப் பிடித்த பஞ்சுமிட்டாய். பெட்டி இருக்கவேண்டிய இடத்தில், இம்மி பிசகாமல், பஞ்சுமிட்டாய்.

செந்தில் அதைக் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினார். "பின்னால ஒரு மூலை தெரியுது. பெட்டியோட காலா இருக்குமோ?" தன் கட்சிக்கு எதிராகத்தான் பேசுகிறோம் என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"அது குச்சிங்க" என்றேன் நான், என் கட்சிக்கு எதிராக.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சண்டை தொடங்கிய பிறகு முதல்முறையாக இருவருக்கும் சிரிப்பு வந்தது.

வந்ததற்கு மாடலையாவது காட்டுவோம் என்று லேப்டாப்பை டிவியில் இணைத்தோம். கோவாக் கடலின் மேல் விமானம் பறந்தது. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு இன்ஜினும் சுத்துதே! நல்லாக் கீதும்மா. சரி, உள்ள போ."

விமானி அறையைக் காட்டினேன். ஒவ்வொரு முள்ளும் அசையும், ஆறு மாத உழைப்பு.

"இது அவங்க எடம். பின்னால போ, என் சீட்டுக்கு."

செந்தில் சிமுலேட்டரின் கேமராவைப் பின்னால் நகர்த்தினார். கதவைத் தாண்டியதும் ஒன்றுமே இல்லை. சுவர் இல்லை, தரை இல்லை. நேராகக் கீழே கடல் தெரிந்தது. விமானி அறைக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்க்கும் உடம்பை மட்டும்தான் நான் செய்திருந்தேன். யாருமே போகாத இடம் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னாமா இது, தரையே காணோம்!" என்றார் அண்ணன்.

அமுதா அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "பன்னெண்டு வருசமா பிளேன்ல உக்காந்து கடலக் காவல் காக்குறேன்னு லெட்டர் போட்டீங்க. அங்க உக்காரவே எடமில்லியே. எங்க போயிருந்தீங்க?"

செந்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறி, காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சாப்பாட்டு நாற்காலிகளை இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டார். "இது நான். கூட்டாளி பக்கத்துல. டீ பிளாஸ்க் இங்க, இல்லாட்டி கவுந்துரும். குளிரும், ரெண்டு சாக்ஸ் போட்டுக்குவேன். காது ரெண்டும் ஒய்ய்னு கெடக்கும்." கருவிக்குப் பதிலாக வாஷிங் மெஷினையும் நகர்த்தப் போனார், அக்கா தடுத்துவிட்டார். செந்தில் அளவு நாடாவைப் பிடித்தார், நான் படம் வரைந்தேன். நாற்காலிகளில் வரிசையாகச் சுவரைப் பார்த்து நாங்கள் உட்கார்ந்திருந்ததை எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

அக்கா சாப்பிடாமல் விடவில்லை. வஞ்சிர வறுவலோடு சாப்பிட்டு, 3.30க்கு அதே வழியில் திரும்பினேன்.

நீங்களும் இப்படிக் கிளம்புவதானால் சில விஷயங்கள். ஞாயிறு காலை பத்துக்குள் பூந்தமல்லியைத் தாண்டிவிடுங்கள், பிறகு உட்கார இடம் கிடைக்காது. சாட்சி சொல்பவர் வீட்டு டிவியில் எந்தத் துளை இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு, அதற்கான கம்பியை எடுத்துப் போங்கள். எந்த வகை, எந்த வருடம் என்ற கேள்விக்குப் படங்கள்தான் பதில் சொல்லும், ஆட்கள் சொல்ல மாட்டார்கள். ஆட்களிடம் வேறு கேள்வி கேளுங்கள். எங்களுக்கு அது தற்செயலாகத்தான் தெரிந்தது.

பெட்டி விவகாரம் இன்னும் தீரவில்லை. வைத்தும் எடுத்தும் இரண்டு மாடல்களாக வெளியிட்டோம், மன்னிப்பு யாரும் எழுதவில்லை. செந்தில் குழுவுக்குத் திரும்பிவிட்டார். உட்புறத்தை இருவரும் சேர்ந்து மூன்று மாதத்தில் முடித்தோம். இருக்கை, பிளாஸ்க், சாக்ஸ், எல்லாம் அண்ணன் சொன்னபடி. கடைசியாக அவருக்குப் போன் செய்து, "உங்க முன்னால இருந்த திரையில என்ன தெரியணும்? அதையும் வரைஞ்சிடறேன்" என்றேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "அது வெளிய சொல்றதுக்கு இல்லம்மா. கருப்பா உட்டுரு."

அப்படியே விட்டேன். வெளியிட்ட மறுநாளே முதல் புகார் வந்தது: எல்லாம் இவ்வளவு நுணுக்கமாகச் செய்துவிட்டு, திரையை மட்டும் ஏன் காலியாக விட்டீர்கள், வரலாற்றுத் துல்லியம் வேண்டாமா?

நான் எழுத உட்காருவதற்குள் செந்தில் பதில் போட்டிருந்தார். "இந்த மாடல்ல ஆதாரத்தோட சரியா இருக்குறது அது ஒண்ணுதாங்க."