தீபத்தன்று இடித்த மாவு

எங்கள் வீட்டுக் கிணற்றில் பாதிதான் எங்களுடையது. மறுபாதி சித்தப்பாவுடையது. பாகம் பிரித்தபோது அப்பாவும் சித்தப்பாவும் வீட்டையும் தோட்டத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்தார்கள். கோடு கிணற்றின்மேல் வந்தபோதும் யாரும் தயங்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கிணற்றின் குறுக்கே ஒரு கல் உத்திரம் போட்டு, அதன்மேல் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு ராட்டினம், இந்தப் பக்கம் ஒரு ராட்டினம். கீழே தண்ணீர் மட்டும் ஒன்றாகவே கிடந்தது. இரண்டு வீட்டு வாளிகளும் ஒரே நேரத்தில் இறங்கினால் உள்ளே முட்டிக்கொள்ளும். அப்போது இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தபடி பேசாமல் நிற்பார்கள்.

சண்டை எதற்கு என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு முருங்கை மரத்தை வெட்டியதில் ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். மரம் போய்விட்டது, சண்டை மட்டும் நன்றாகத் தழைத்துக்கொண்டிருந்தது. கார்த்திகைத் தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரும் உறவுக்காரர்கள்கூட, அண்ணன் வீட்டில் இறங்கினால் தம்பிக்குக் கோபம், தம்பி வீட்டில் இறங்கினால் அண்ணனுக்குக் கோபம் என்று இரண்டு பேர் வீட்டுக்கும் வராமல் சத்திரத்தில் தங்கினார்கள். ஊரே மூட்டை முடிச்சோடு நிரம்பி வழிகிற நாளில் எங்கள் வீடு மட்டும் வெறிச்சென்று இருக்கும்.

அம்மா தண்ணீர் இழுக்கப் போனால் சீக்கிரம் திரும்ப மாட்டாள். கிணற்றுக்குள் குனிந்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். வாளியைத் திட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். கிணறும் பதிலுக்கு முணுமுணுத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எதிரொலி பாடம் நடத்தியிருந்தார்கள்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சு இல்லையே தவிர, பங்காளித் தீட்டு விட்டுப்போகவில்லை. பங்காளி வீட்டில் சாவு என்றாலும் பிறப்பு என்றாலும் எங்களுக்குத் தீட்டு. தீட்டு என்றால் சாமி விளக்கு ஏற்றக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது. இந்த விஷயத்தில் அப்பா மிகவும் கறார். தாலுகா ஆபீசில் ஃபைல் பார்ப்பதைப் போலத்தான் தீட்டையும் பார்ப்பார். அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு, விழாத வரைக்கும் இல்லை.

நான் சொல்லவரும் தீபத்துக்கு முந்தின வருஷம், தீபத்தன்று சாயங்காலம் அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு பங்காளித் தாத்தா இறந்துவிட்டார் என்று ஒருவர் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். இவர் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கக்கூடாதா என்று அம்மா முனகினாள். காதுல விழுந்துடுச்சே என்றார் அப்பா. அவ்வளவுதான். ஊற்றிய எண்ணெய் திரும்ப டின்னுக்குப் போயிற்று. மலைமேல் தீபம் ஏறியதும் தெரு முழுக்க ஒளி. எங்கள் வாசல் மட்டும் இருட்டு. நான் கதவுக்குப் பின்னால் நின்று எதிர்வீட்டுப் பெண் அகல்களை அடுக்குவதைப் பார்த்து அழுதேன். முகம் தெரியாத அந்தத் தாத்தாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே அந்த வருஷம் நான் முன்கூட்டியே கவலைப்பட ஆரம்பித்தேன். கவலைக்குக் காரணம் சித்தியின் வயிறு. அவருக்குத் தாய் இல்லை என்பதால் பிரசவம் இங்கேயே என்று ஆகியிருந்தது. சித்தப்பாவைத் தவிர அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. பால்காரம்மா ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, வயிறு இறங்கிவிட்டது, தீபம் வரைக்கும் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏற்கெனவே எனக்குக் காலில் சக்கரம் என்பார்கள். அந்த வாரம் நான் ஓரிடத்தில் உட்காரவே இல்லை. புது அகல்களைத் தொட்டியில் ஊறப்போட்டேன், எடுத்துக் காயவைத்தேன், திரும்பவும் ஊறப்போட்டேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரித்தேன். நடுநடுவே துணி துவைக்கிற கல்மேல் ஏறி, எட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சித்தி எழுந்து நடமாடுகிறாரா, படுத்துவிட்டாரா என்று வேவு பார்த்தேன். அவர் இடுப்பில் கை வைத்து நின்றால், தீபத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுவேன்.

ஒரு தரம் அவர் என்னைப் பார்த்துவிட்டார். பேசக்கூடாது என்பது பெரியவர்களுக்குத்தானே என்று நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"சித்தி, தீபம் முடிஞ்சப்புறம் பெத்துக்கறீங்களா?"

சித்தி சிரிக்கவில்லை. போன வருஷம் நான் கதவுக்குப் பின்னால் அழுதது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாசலும்தானே அன்றைக்கு இருட்டாக இருந்தது.

"நானாடி பெத்துக்கறேன், அதுவா வருது" என்றார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "சரி, சொல்லிப் பாக்கறேன் போ" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தீபத்தன்று காலை வரைக்கும் வந்துவிட்டேன். பரணி தீபம் ஆயிற்று. அம்மா வாசலில் செம்மண் இட்டுக் கோலம் போட்டாள். பொரி உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால், தோல்பை எடுத்துக்கொண்டு ஒரு நர்ஸம்மா சித்தப்பா வீட்டுக்குள் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். வாளியை இறக்காமலே கிணற்றுக்குள் குனிந்துகொண்டிருந்தாள். வழக்கமான முணுமுணுப்பாக இல்லாமல் இந்தத் தடவை வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன.

"நீ கத்திக்கோ. வாயப் பொத்திக்காத. நான் பாத்திரத்த உருட்டறேன்."

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்ததும், இங்கே என்ன வேலை என்று அதட்டினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கிணற்றைக் கத்தச் சொல்லுகிற அளவுக்கு அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, இந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு உடம்புக்கு வந்தால் விளக்கு என்ன ஆவது என்கிற பயம் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நல்ல நாளில் யாரும் செய்யமாட்டார்கள். அம்மா பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை ஒன்றுவிடாமல் கீழே இறக்கினாள். தீபத்துக்கென்று முந்தின வாரம்தான் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஏற்றிவைத்திருந்தோம். அண்டாவைச் சிமெண்டுத் தரையில் தரதரவென்று இழுத்தாள். தவலையை உருட்டினாள். குடத்துக்குள் கரண்டியைப் போட்டுக் கடகடவென்று ஆட்டிக் கழுவினாள். ரேடியோவில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் திருகி முழுச் சத்தத்தில் வைத்தாள். எனக்கு உரலில் ஊறின பச்சரிசியைப் போட்டு, மாவிளக்குக்கு மாவு இடிக்கச் சொன்னாள். உட்காராத பெண்ணுக்கு நின்றுகொண்டு செய்கிற வேலை.

இடித்தேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் நைஸாக இருக்கணும் என்றாள். திரும்ப இடித்தேன். சலித்துக் காட்டினேன். அம்மா மாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இன்னொரு படி அரிசியைக் கொட்டினாள். அவ்வளவு மாவு எங்கள் தெருவுக்கே போதும். தோள் விட்டுப்போயிற்று. நான் கொஞ்சம் நிறுத்தினால் போதும், அம்மா உள்ளேயிருந்து, "ஏன் நிறுத்திட்ட, இடி" என்பாள். அந்தக் குரலுக்குப் பயந்து இடித்துக்கொண்டே இருந்தேன்.

கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். இதென்ன நல்ல நாளும் அதுவுமா ரகளை என்று கேட்டார். கறை போகவில்லை என்றாள் அம்மா, முகம் பார்க்கத் தக்கதாக மின்னிய ஒரு அண்டாவைக் காட்டி. அப்பா அண்டாவைப் பார்த்தார். ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. நானும் உலக்கையை மாற்றிப் பிடிக்க நிறுத்தியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

"பூனை" என்றேன் நான்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கையில் இருந்த தேங்காய் நார் அப்படியே நின்றுவிட்டது. அவள் அப்படி அப்பாவைக் கெஞ்சுவதுபோலப் பார்த்து நான் அதற்குமுன் கண்டதில்லை. அப்பா சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலைமுடியெல்லாம் படிந்திருந்த மாவைப் பார்த்தார்.

"பூனைதான். நீ இடி" என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பொழுது இறங்குவதற்கு வெகு நேரம் முன்னாலேயே, மலையைப் பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு மலைமேல் சுடர் ஏறியது. ஊர் முழுக்க எழுந்த அரோகரா சத்தத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாடியிலிருந்து அப்பா குரல் கொடுத்ததும் நான் முதல் அகலை ஏற்றினேன். வாசல்படி, ஜன்னல், மாடம், துளசி, கிணற்றடி என்று ஓடி ஓடி ஏற்றினேன். எதிர்வீட்டுப் பெண் என்னைப் பார்க்கிறாளா என்று நடுவில் போய்ப் பார்த்துக்கொண்டேன். பார்த்தாள். அன்றைக்கு எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பா வீட்டில் மட்டும் ஒரு விளக்கும் இல்லை. சோம்பேறிகள் என்று நினைத்தேன்.

அப்பா கீழே வந்தார். மீதியிருந்த அகல்களை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, தானே கட்டின அந்தச் சுவரின் மண்டையில் வரிசையாக வைத்து ஏற்ற ஆரம்பித்தார். அங்கே ஏன் என்று கேட்டேன்.

"இங்க காத்து கம்மி" என்றார்.

சுவருக்கு மேலேதான் காற்று ஜாஸ்தி. ஏற்ற ஏற்ற அணைந்துகொண்டிருந்தது. அப்பா அலுத்துக்கொள்ளாமல் கையைக் குவித்து மறைத்து மறைத்துத் திரும்பத் திரும்ப ஏற்றினார். வெளிச்சம் எங்கள் பக்கத்துக்கும் விழுந்தது, அந்தப் பக்கத்துக்கும் விழுந்தது.

எண்ணெய் தீர்ந்து அகல்கள் ஒவ்வொன்றாக அமரும் வரைக்கும் அவர் அங்கேயே நின்றிருந்தார். கடைசி விளக்கும் அமர்ந்த பிறகு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு சித்தப்பாவின் குரல்.

"அண்ணா. பொண்ணு பொறந்திருக்கு."

"எப்போ?" என்றார் அப்பா.

சித்தப்பா மறுபடியும் தொண்டையைச் செருமினார்.

"இப்பத்தான்."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"ம்."

அப்பா ஒரு வாளி தண்ணீர் இழுத்து, அந்தக் கார்த்திகைக் குளிரில் வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டார். அம்மாவும் ஊற்றிக்கொண்டாள். என் தலையிலும் ஊற்றினார்கள். மாவு பிசுபிசுவென்று கன்னத்தில் வழிந்தது. சாமி அறைக் கதவைச் சாத்தியாயிற்று. அம்மா ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு, பூண்டு ரசமும் குழைந்த சோறும் எடுத்துக்கொண்டு, தெருப்பக்கமாகச் சுற்றிச் சித்தப்பா வீட்டு வாசல் வழியாக உள்ளே போனாள். சுவர் எழும்பிய பிறகு அவள் அந்த வாசலை மிதித்தது அன்றுதான். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

குழந்தை என் பேச்சைக் கேட்டுக்கொண்டு தீபம் முடியும்வரை வயிற்றுக்குள்ளேயே பொறுத்திருந்தது என்றுதான் நான் நெடுநாள் நம்பினேன். அந்தத் தங்கச்சி வளர்ந்து என்னோடு சண்டை போடும்போதெல்லாம், நான் சொல்லித்தான் நீயே பிறந்தாய் என்று அதட்டி வைப்பேன். அவள் அழுதுகொண்டு போய்ச் சித்தியிடம் கேட்பாள். ஆமாம், அக்காதான் சொன்னாள் என்பார் சித்தி. ஒருநாளும் அவர் அதை மாற்றிச் சொன்னதில்லை.

நான் பிள்ளை பெற்றபோதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ஒரு கணத்தில், அம்மா கிணற்றுக்குள் சொன்னது திடீரென்று காதில் விழுந்தது. நீ கத்திக்கோ. அப்போது நானும் கத்தினேன். சித்திக்குமாகச் சேர்த்துக் கத்தியதுபோல இருந்தது. அவர் அன்று கத்தினாரா, என் அகல்களை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டே பெற்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு சுவர் தள்ளித்தான் இருந்தேன். ஆனால் எதுவும் கேட்டிருக்க முடியாது. உலக்கை என் கையில் இருந்தது.