ஒன்பது டொலரில் ஒரு பவ்வாவ், ஒரு கிள்ளுப் புகையிலை

என் மனைவி வதனியை எப்படியாவது வீட்டைவிட்டு வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் முதல் காரணம். கை கடிக்காமல் போய்வர வேண்டும் என்பது இரண்டாவது. மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது. வன்னியில் இருந்த அவளுடைய தம்பி குகனைப் பற்றி மாசியிலிருந்தே ஒரு தகவலும் இல்லை. பிக்கரிங்கில் இருக்கும் அவளுடைய மாமா வாரம் தவறாமல் போன் எடுத்து, "ஒரு முடிவெடுத்து அந்திரட்டியைச் செய்யுங்கோ" என்பார். அந்த ஈமச்சடங்கைச் செய்தால், அவன் செத்துவிட்டான் என்று நாங்களே சொன்னதாகிவிடும். வதனி அவன் படத்துக்கு மாலை போடவில்லை. இருக்கிறான் என்பதா, இருந்தான் என்பதா என்று தெரியாமல் அவன் பெயரைச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

என்னோடு வெயர்ஹவுசில் வேலை செய்யும் ரே, ஒஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஜூனில் ஒரு பவ்வாவ் நடக்கிறது, மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்றார். பவ்வாவ் என்றால் அவர்கள் கூடி மேளமடித்து ஆடும் ஒன்றுகூடல். யாரும் போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை.

ஸ்காபரோவிலிருந்து போகிறவர்கள் கவனியுங்கள். சனி, ஞாயிறுகளில் ஒன்பது டொலர் டே பாஸ் ஒன்றிலேயே இரண்டு பெரியவர்கள் நாள் முழுக்கப் போய்வரலாம். இது தெரியாமல் எத்தனை வருடம் காசைக் கரியாக்கியிருக்கிறேன்! எக்ளின்ரன் பஸ்ஸில் கென்னடி, அங்கிருந்து மாறாமல் சப்வேயில் டஃபரின். இறங்கினால் பூங்காவுக்குக் கொஞ்ச நடைதான்.

வெறுங்கையோடு போகக் கூடாதென்று வதனி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள். அதுதான் அன்று காலை அவளாக எடுத்த ஒரே முடிவு. ரயிலில் அந்தச் சீப்பை மடியில் வைத்துப் பிடித்தபடியே டஃபரின் வரை வந்தாள்.

நடனக்காரர்கள் வட்டத்துக்குள் நுழையும்போது எல்லோரும் எழும்பி நிற்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். அவர்கள் உடுத்திருப்பதை வேஷம் என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். ஒரே பெரிய மேளத்தைச் சுற்றியிருந்து ஏழெட்டுப் பேர் அடிக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பொரித்த ரொட்டி வாங்கினோம். "உது எங்கட பூரிதான், கொஞ்சம் தடிப்பு" என்றாள் வதனி. அவள் அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

ரே ஒரு மூலையில் புனிதத் தீயைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். கோயில் என்ற நினைப்பில் நாங்கள் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டோம். அங்கே வேறு யாரும் கழற்றவில்லை. ரே அதைக் கண்டும் காணாதமாதிரி பழத்தை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்தார். உள்ளே புகையிலைத்தூள், அவர்களுக்கு அது காணிக்கைப் பொருள். மனதில் இருப்பவரை நினைத்து ஒரு கிள்ளுத் தீயில் போடலாம் என்றார்.

வதனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சருங்கோ, ஆள் இருக்கோ இல்லையோ எண்டு சொல்லவேணுமோ? கேளுங்கோ."

கேட்டேன். "தேவையில்லை. பெயரைச் சொன்னால் போதும்" என்றார் ரே.

அவள் வலக்கையை நீட்டினாள். ரே தலையாட்டி, "இடக்கை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் இடக்கையால் ஒரு சில்லறைக்காசு கூடக் கொடுக்க மாட்டோம் என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன். "அதுதான் இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கை" என்றார்.

அதைத் தமிழில் சொன்னதும் வதனி சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கண்டேன். "குகன் இடக்கையாலைதான் சாப்பிடுவான். அம்மாட்டை எத்தினை அடி வாங்கியிருப்பான்!"

சாப்பிடுவான். இருக்கிறவனையும் அப்படித்தான் சொல்வோம், இல்லாதவனையும் அப்படித்தான் சொல்வோம். இத்தனை மாதமாக நாங்கள் தேடிய சொல் எங்கள் வாயிலேயே இருந்திருக்கிறது. அவள் இடக்கையில் புகையிலையை வாங்கி, "குகன்" என்று சத்தமாகச் சொல்லித் தீயில் போட்டாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன்.

போக நினைப்பவர்களுக்கு: தீயருகே படம் எடுக்காதீர்கள், குப்பை எதையும் அதில் போடாதீர்கள். அவர்களுடைய மூத்தவர் ஒருவரிடம் ஏதாவது கேட்டறிய விரும்பினால் சின்னப் பொட்டலம் புகையிலை கொண்டுபோங்கள். வாழைப்பழமும் மோசமில்லை, ரே இரண்டு சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போது மாமா போன் எடுத்தார். வழக்கமாக நான்தான் சமாளிப்பேன். அன்று வதனியே போனை வாங்கினாள்.

"இல்லை மாமா, அந்திரட்டி இப்ப வேண்டாம். குகன்ரை பேரைச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்" என்றாள்.