சிலுவாரில் ஒட்டிய புலுட்

பிரிக்பீல்ட்ஸில் லோகேஸ்வரியின் டோபிக் கடைக்குத் துவைக்க வரும் துணி எதுவும் நேராக மெஷினுக்குள் போகாது. முதலில் மேசைமேல் ஏறும். சிலுவார் எனும் கால்சட்டை என்றால் முழங்காலுக்குக் கீழே ஒரு தடவை, காலுறை என்றால் உள்ளும் வெளியும், அவள் விரல்கள் ஓடிவிட்டு வரும். ஒட்டுமுள் ஒன்று தப்பி உள்ளே போனால் போதும், அடுத்தவர் துணியில் நூலை இழுத்துவிடும். கடை திறந்த முதல் மாதமே ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை அப்படித்தான் பாழானது.

அதன்பிறகு பன்னிரண்டு வருடம். யார் எங்கே நடந்தார் என்று துணியே அவளிடம் சொல்லிவிடும். ஒட்டுமுள்ளுக்கெல்லாம் அவளே பேர் வைத்திருந்தாள். வைக்கோல் நிறத்தில் துணிக்குள் தைத்து நிற்பது 'ஊசி'. மலாய்க்காரர்கள் அதைக் கெமுஞ்சுப் என்பார்கள். பந்தடிக்கிற திடலில், வெட்டிவிட்ட சாலையோரப் புல்லில் இருப்பது. கறுப்பாக, நுனியில் இரண்டு மூன்று பல்லோடு வந்தால் 'முள்கரண்டி'. கால்வாய்க் கரை, தண்டவாளத்து ஓரம். பச்சையாக, தட்டையாக, வரிசை பிடித்து ஒட்டுவது 'ஸ்டிக்கர்'.

"நீங்க போலீஸ்ல சேந்திருக்கலாம் லா, அக்கா" என்பான் ரயில்வேயில் வேலை செய்யும் பிரவின்.

"நான் போலீஸுக்குப் போயிட்டா ஒன் காலுறைய யாருடா கையால தொடுவா?"

அவள் பிறந்தது ஜெஞ்சாரோமில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில். அந்த ஊரை நினைத்து ஒருநாளும் ஏங்கியதில்லை. பதினெட்டு வயதில் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து, ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஓட்டை பார்க்கும் வேலை செய்தாள். அவள் கண்ணும் விரலும் கூர்மையானது அங்கேதான். ஒருநாள் புது மேனேஜர், "நீ இல்லாத ஓட்டையெல்லாம் கண்டுபிடிக்கிறே" என்றான். இருக்கிற ஓட்டையைக் காட்டிவிட்டு, அன்றைக்கே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்தத் தடவை மேசைக்கு வந்தது ஒரு ஜாகாவின், அதாவது காவல்காரரின், சிலுவார். கொண்டுவந்தவர் வேலாயுதம், பாதுகாப்பு நிறுவனத்தின் சூப்பர்வைசர். நாற்பது ஜாகாக்களின் சீருடை அவர் வழியாகத்தான் வாராவாரம் வரும். அன்று ஒரே ஒரு ஜோடி.

"அவசரம் அக்கா. சுடுதண்ணில ஊறவச்சிருங்க. புலுட் காஞ்சு ஒட்டிருக்கு."

புலுட் என்றால் ஒட்டரிசி. இலையில் சுட்டது, இறைச்சி வைத்தது, மாம்பழத்தோடு என்று கிள்ளானில் தெருவுக்குத் தெரு விற்கும். லோகேஸ்வரி சிலுவாரை விரித்தாள்.

"யாரோடது?"

"திருச்செல்வத்தோடது. கிள்ளான் கிடங்கு ஜாகா. வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு. சீருடையத் துவைச்சு ஸ்டோர்ல குடுத்தாத்தான் நிப்பாட்டுற லெட்டர் குடுப்பாங்க. ஆளு வேன்லதான் இருக்காரு."

"என்ன செஞ்சாரு?"

"ரோந்து போற நேரத்துல வெளிய போய் புலுட் தின்னுட்டு உக்காந்திருக்காரு. கிடங்கு கிளார்க்கே புத்தகத்துல எழுதிருக்காங்க."

அவர் போனை நீட்டினார். ரோந்துப் புத்தகத்தின் படம். மலாயில் ஒரே வரி: ஜாகாவின் சிலுவாரில் எப்போது பார்த்தாலும் புலுட், ஆபீஸ் கார்பெட் எல்லாம் அசிங்கம்.

லோகேஸ்வரி சிலுவாரின் தொடைப் பக்கத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பட்டாணி அளவு. பழுப்பு நிறம். ஐந்து துண்டாகப் பிளந்து, உடம்பெல்லாம் குட்டிக் கொக்கி.

"இத ஊறவச்சுத் திங்கிறீங்களா?"

வேலாயுதம் கையை உதறினார். அது விழவில்லை, சட்டைக் கைக்குத் தாவி ஒட்டிக்கொண்டது.

"என்ன இது?"

"ஒட்டத்தி. ரோஸ் கலர்ல பூக்கும். மலாய்க்காரங்க இதத்தான் புலுட்-புலுட்னு சொல்வாங்க. ஒட்டுது இல்ல? அதான் அந்தப் பேரு. நீங்க பிளாட்ல பொறந்தவரு, ஒங்களுக்குத் தெரிஞ்சது ஒரே புலுட்டு."

"அக்கா, வெளையாடாதீங்க."

"கிடங்கு வாசல்ல என்ன இருக்கு?"

"தாரு. அப்புறம் வெட்டுன புல்லு."

"அங்க நடந்தா ஊசிதான் ஏறும். ஒட்டத்தி புதர்லதான். இடுப்பு ஒசரத்துக்கு நிக்கும். இவருக்குத் தொடை வரைக்கும் இருக்கு பாருங்க. பின்னால வேலி ஓரம் புதர் இருக்கா, இல்லையா?"

வேலாயுதம் சட்டைக் கையில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தெடுத்தார். "இருக்கு" என்றார்.

"அப்ப மனுசன் வேலியச் சுத்தியிருக்காரு. அவர எறங்கச் சொல்லுங்க."

வேனிலிருந்து இறங்கி வந்தார் திருச்செல்வம். ஐம்பத்திரண்டு வயது. முன்பு லோரி ஓட்டியவர், ஒரு முட்டி மடங்காது. "நான் மூணு நாளா கத்துறேன், தங்கச்சி. எனக்குச் சக்கரை. புலுட்ட நான் கண்ணாலகூடப் பாக்கறதில்ல. யாரு கேக்குறா?"

"மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டாரே" என்றார் வேலாயுதம். குரல் இறங்கிவிட்டது. அந்த வரியை மேனேஜருக்கு ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பியது அவரேதான். 'டியூட்டி நேரத்தில் சாப்பிடுகிறார்' என்பது மட்டும் அவர் சேர்த்தது.

"கையெழுத்துப் போட்டவருக்கு போன் இருக்குல்ல? மொதல்ல எழுதுனவங்களக் கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

கிளார்க் பெயர் ரொஹானா. விஷயத்தைக் கேட்டதும் போன் அதிரச் சிரித்தாள். சாப்பிடுகிற புலுட்டா? யா அல்லா! அந்த மனுசன் ராத்திரி பகல் பாராமல் புதருக்குள் சுற்றிவிட்டு வந்து தன் கார்பெட்டில் முள்ளைக் கொட்டுகிறார், புதரை வெட்டுவீர்கள் என்று நினைத்துத்தானே எழுதினேன் என்றாள். சிரிப்பு நின்றதும், "அவரை நிறுத்திட்டீங்களா?" என்று மலாயில் கேட்டாள். வேலாயுதம், "இல்லை, இன்னும் இல்லை" என்று அவசரமாகச் சொன்னார்.

"இன்னிக்கு ஷிப்ட் எத்தன மணிக்கு?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

"மூணு மணி" என்றார் திருச்செல்வம்.

"மணி பன்னெண்டரை. சிலுவாரு துவைச்சுக் காய ஒரு மணி நேரம். கிள்ளானுக்குப் போக ஒரு மணி நேரம். வேலாயுதம் அண்ணே, இவர நிப்பாட்ட வேணாம்னு மேனேஜருக்கு இங்கயே உக்காந்து எழுதுங்க. நான் முள்ளு பொறுக்கணும், பேச்சுக் குடுக்காதீங்க."

வேலாயுதம் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன்மேல்தான் தப்பு என்று எழுத அவருக்கு நேரம் பிடித்தது. நாலு தடவை அழித்தார். திருச்செல்வம் மேசையின் எதிர்ப்பக்கம் நின்று, கேட்காமலே சிலுவாரின் இன்னொரு காலை எடுத்து முள் பொறுக்க ஆரம்பித்தார்.

"அக்கா, இந்தச் செடிய மலாய்ல எப்படி எழுதறது?" என்று கேட்டார் வேலாயுதம்.

"ரெண்டு தடவ எழுதுங்க" என்றாள் அவள், நிமிராமல். "ஒரு தடவ எழுதுனா பலகாரம்."

இரண்டே காலுக்கு மேனேஜரிடமிருந்து 'ஓகே' என்று வந்தபோது, வேன் கிள்ளானை நெருங்கியிருந்தது.