துண்டின் கீழ் பேசிய விலை

எங்கள் தோட்டத்துத் துரை சீமைக்குப் புறப்பட ஆயத்தமானபோது, அவருடைய மோட்டார் காருக்கு விலை பேசும் பொறுப்பு, டிரைவராயிருந்த என் தகப்பனாரிடம் வந்து சேர்ந்தது. ரப்பர் விலை வீழ்ந்து, மலாயாவின் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாக ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றப்பட்ட காலம் அது. எனக்கு வயது எட்டு.

அந்தக் கார் இருவர் மட்டுமே அமரக்கூடியது. மேல்மூடியைக் குடைபோல மடக்கிவிடலாம். பந்தயத்துக்கென்றே செய்த சாதி என்று அப்பா பெருமை பேசுவார். துரையோ மூவாருக்கும் சிங்கப்பூருக்குமாக ஓட்டியும் ஓட்டுவித்தும் அதைக் கிழடாக்கியிருந்தார். மைல்களைக் காட்டும் எண்களெல்லாம் ஒன்பதாகி, ஒருசேரப் புரண்டு, வெறும் சுழிகளாய் நின்ற நாளில், அப்பா என்னை அழைத்துக் காட்டிச் சூடம் கொளுத்தினார். கார் மறுபிறவி எடுத்துவிட்டதென்றே நான் நம்பினேன். அதன்பின் எண்கள் சிறிதளவே ஏறியிருந்தன. அறியாதவர் பார்த்தால் அதிகம் ஓடாத கார் என்றே எண்ணுவர்.

துரையின் கட்டளை சுருக்கமானது. மீட்டர் காட்டுவதை மட்டும் சொல்ல வேண்டும். நானூறு வெள்ளிக்குக் குறையக் கூடாது. அந்த விலை கிடைத்தால், அடுத்து வரும் துரையிடமும் அப்பாவையே டிரைவராக அமர்த்தும்படி கடிதம் தருவார். கிடைக்காவிட்டால் அப்பா கூலியாளாய்ப் பால்மரம் சீவப் போக வேண்டியதுதான்.

"சுழி வந்ததப் பத்தி வெளிய மூச்சு விட்ட, தோல உரிச்சிருவேன்" என்று அப்பா என்னை எச்சரித்தார். பொய்க்கணக்கு எழுதிய கிராணி ஒருவரைப் போலீசார் விலங்கிட்டு இழுத்துச் சென்றதை அதற்கு முந்திய மாதந்தான் கண்டிருந்தேன். அடுத்த விலங்கு அப்பாவுக்கே என்று என் மனம் முடிவு கட்டிற்று.

பத்து பாகாட் பட்டணத்திலிருந்து பழைய கார் வாங்கி விற்கும் மரைக்காயர் ஒருவர் வந்தார். அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்த நான், தூக்குச்சட்டியுடன் கார்க் கொட்டகைச் சுவரோரம் குந்திவிட்டேன். துரை பங்களா முகப்பில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்.

மரைக்காயர் மிதிகட்டையின் ரப்பரை விரலால் தடவினார். ஸ்டீரிங்கை இடமும் வலமும் ஆட்டி, சக்கரம் அசையுமுன் எவ்வளவு சும்மா சுழல்கிறது என்று கவனித்தார். மேல்மூடியை விரித்து, மடிப்புகளில் வெளிச்சம் கசிகிறதா என்று நோக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஓர் 'உம்'.

"என்ன தம்பி, பத்தாயிரங்கூட ஓடலைங்குது மீட்டரு. மிதிகட்டை என்னமோ ஹஜ்ஜுக்கு நடந்தே போயிட்டு வந்த செருப்பு மாதிரில்ல இருக்கு?"

"தொரைக்குக் கனத்த காலுங்க, நானா."

"வாங்குனா எம் மவன்தான் ஓட்டுவான். பின்னால பலகை போட்டு மூவாருக்கு ஆள் ஏத்தணும். கல்யாணம் ஆயி நாப்பது நாளாவல அவனுக்கு."

அப்பாவின் பார்வை தளர்ந்துபோன ஸ்டீரிங்கின்மீது போய் நின்றது. மரைக்காயர் தம் தோள்துண்டை எடுத்து இருவர் கைகள்மீதும் போர்த்தினார். மாட்டுச் சந்தையில் நம்மவர் விலை பேசும் முறை அது. துண்டுக்கடியில் விரல்களைப் பற்றியே தொகை சொல்வார்கள், சுற்றி நிற்போர் அறியமாட்டார்கள். மாட்டுக்குச் செய்வதை மோட்டாருக்கும் செய்வதில் அவ்விருவருக்கும் வியப்பேதும் இல்லை. துரைதான் திகைத்துப் படியிறங்கி வந்தார்.

"ஏ டிரைவர்! என்னா ரகசியம் அது?"

"வெலை பேசறோங்க, தொரை."

தாழ அமர்ந்திருந்தமையால் துண்டின் அடிப்புறம் எனக்கு மட்டும் தெரிந்தது. மரைக்காயர் அப்பாவின் நான்கு விரல்களைப் பற்றினார். நானூறு! அப்பா தலையசைத்திருந்தால் காரியம் முடிந்தது. அவரோ மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, மரைக்காயரின் உள்ளங்கையில் ஒரு வட்டம் வரைந்தார். சுழி. பின்பு ஒற்றை விரலை நிமிர்த்தினார். மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது என்று சொல்லியாயிற்று.

தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிட்டாரே! மரைக்காயர் கத்துவார், துரை போலீசை அழைப்பார், விலங்கு வரும். தூக்குச்சட்டி நழுவிக் கஞ்சி முழுதும் மண்ணில் கொட்டியது. ஒருவரும் திரும்பவில்லை.

மரைக்காயர் கத்தவில்லை. அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவர் பிடி அப்பாவின் இரண்டு விரல்களில் வந்து நின்றது.

"எரநூறு, தொரை. எஞ்சினைப் பிரிச்சுப் பாத்துத்தான் ரோட்டுல எறக்கணும். அதுக்கு மேல ஒரு காசு இல்ல."

துரையின் முகம் சிவந்தது. அப்பாவை நோக்கி ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை உதிர்த்தார். அதற்குத் திருடன் என்று பொருள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து நானாக எழுத்துக்கூட்டிப் படித்து அறிந்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். கடிதத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. மரைக்காயர் இம்முறை துண்டில்லாமலே அப்பாவின் கையை ஒருமுறை பற்றிவிட்டுச் சென்றார்.

போலீஸ் வரவில்லை, விலங்கும் இல்லை. நான் எங்கள் குடியிருப்பான லயத்துக்கு ஓடினேன்.

"அம்மா! அப்பாவ ஒண்ணுமே பண்ணலம்மா! எரநூறுதான், பாதி வெலைக்குத்தான் போச்சு!"

பாதி விலைக்குப் பாதிப் பாவம் என்பது என் கணக்கு.

அம்மா கூரைச் சந்தில் துணி சுற்றிச் செருகியிருந்த, பால்மரம் சீவும் கத்தியை எடுத்தார், துருவைத் துடைத்தார், கல்லில் வைத்துத் தீட்டத் தொடங்கினார். அந்தக் கரகரப்பைக் கேட்டவாறே நான் வாசலில் அமர்ந்து கூழாங்கல் ஆடினேன். அன்றைய பொழுது முழுவதிலும் நான் அஞ்சாதிருந்த நேரம் அது ஒன்றே.